மாமியின் கையொப்பமும் பதினொன்றே முக்கால் வீதமும்

இயேசு மரி சூசை துணை

பள்ளிமுனை, மன்னார்.
02.11.2025, ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாமி திருமதி பிலோமினா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மகள் மாக்கிறட்டின் கணவனும் ஓய்வுபெற்ற தபாலதிபருமாகிய பஸ்ரியன் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நீர்கொழும்பில் மகன் றெனால்ட் வீட்டில் நீங்களும் முழங்கால் நோ குறைந்து, நல்ல நித்திரையோடும் நல்ல பசியோடும் இருக்க வேண்டுமென்று எங்கள் கோயில் புனித லூசியம்மாளை மன்றாடுகிறேன். இன்று மரித்தவர்களின் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் சேமக்காலைக்குப் போய் மாமாவின் கல்லறையைக் கூட்டிக் கழுவி, ஆறு மெழுகுதிரி கொளுத்தினேன். கடற்காற்றுக்கு ஐந்து அணைந்து, ஒன்று மட்டும் நின்று எரிந்தது. மாமா உயிரோடு இருந்த காலத்திலும் நான் சொன்னதில் ஆறில் ஒன்றைத்தான் காதில் எடுத்தவர், ஆகையால் எனக்கு அதில் மனவருத்தம் இல்லை.

ரெலிபோன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். ஆறு நாளாக ரெலிபோன் எடுத்தேன் மாமி. ஒவ்வொரு முறையும் றெனால்ட், "அம்மா குளிக்கிறா, அத்தான்" என்கிறான். காலை ஏழு மணிக்கும் குளிக்கிறீர்கள், மத்தியானமும் குளிக்கிறீர்கள், இரவு ஒன்பதுக்கும் குளிக்கிறீர்கள். நீர்கொழும்பில் தண்ணீருக்கு எவ்வளவு பில் வருகிறதோ, பாவம் றெனால்ட். ஆகவேதான் பேனையை எடுத்தேன். முப்பத்தைந்து வருடம் ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவன் நான். கடிதத்தைப் பார்த்து, குளிக்கிறா என்று யாரும் சொல்ல முடியாது. இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நீங்கள் கையொப்பம் வைத்துத்தான் வாங்க வேண்டும். அது முதலாவது கையொப்பம். இரண்டாவது கையொப்பம் ஒன்று வேண்டும், அதுதான் விஷயம்.

வீட்டின் பின்பக்கத்தை இடித்துக் குசினியும் குளியலறையும் எங்கள் மகள், உங்கள் பேத்தி ஜெயனிக்கு ஓர் அறையும் கட்டுவதற்கு 2022 கடைசியில் வீட்டை வங்கியில் ஈடு வைத்துப் பதினைந்து லட்சம் எடுத்தோமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்களும் வந்து கையொப்பம் வைத்தீர்கள். நாடு அன்றைக்கு இருந்த இருப்பில் வட்டி இருபத்தாறு வீதம், மாதம் முப்பத்தையாயிரம் ரூபாய். அது எப்படியும் இறங்கும் என்று நான் அப்போதே சொன்னேன், சொன்னபடி நாடு முழுக்க இறங்கியது. ஆனால் எங்கள் கடனில் மட்டும், ஏறும்போது ஒரே மூச்சில் ஏறின வட்டி, இறங்கும்போது படிக்குப் படி குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இறங்கி, பத்தொன்பதுக்கு வந்ததும் பாயை விரித்துப் படுத்துவிட்டது. மாதம் இருபத்தெட்டாயிரம். ஏன் என்று கேட்டால் தலைமைக் கந்தோர்த் தீர்மானம் என்பார்கள். வேறு போக்கிடமும் இல்லை. கூட்டுறவுச் சங்கம் மூன்று லட்சத்துக்கு மேல் தராது, மற்ற அடகுகடைகள் நகைக்குத்தான் காசு கொடுக்கும், வீட்டுப் பத்திரமான உறுதியைக் காட்டினால் காப்பைக் கழற்றச் சொல்லும். இந்த நிலையில் என்னுடைய பென்சனும் மாக்கிறட்டின் ரீச்சர் சம்பளமும் ஒன்றையொன்று பார்த்து அழுதுகொண்டிருந்த காலத்தில்தான், மாமி, செப்ரெம்பர் மாதம் பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால் நங்கூரம் வீட்டுக்கடன் கம்பனி என்று புதிதாக ஒன்று திறந்தார்கள்.

திறந்த நாளிலிருந்து ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் பள்ளிமுனை முழுக்கச் சுற்றுகிறார்கள். "பதினொன்றே முக்கால் வீதம்! ஐந்து வருடத்துக்கு மாறாது!" செபமாலை சொல்லும் நேரத்திலும் அந்த ஓட்டோ வந்துவிடும். ஒருநாள் நான் அருள்நிறை மரியே சொல்லும்போது இடையிலே பதினொன்றே முக்கால் என்று சொல்லிப்போட்டேன், மாக்கிறட் செபமாலையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நீங்கள் இருபது வருடம் கருவாட்டு வியாபாரம் செய்தவர், உங்களுக்கு நான் வியாபாரம் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கரைக்கு ஒரு லொறி மட்டும் வருகிற நாளில் அறக்குளாவின் விலை என்ன? லொறிக்காரன் சொல்வதுதான் விலை. அவன் மீனைத் திரும்பியும் பார்க்காமல் பல்லுக்குத்திக்கொண்டு நிற்பான். இரண்டாவது லொறியின் கோன் சத்தம் பாலத்தடியில் கேட்கட்டும், அதே மனுசன் பல்லுக்குச்சியை எறிந்துவிட்டு, "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்பான். நங்கூரம் கம்பனி எங்களுக்கு இரண்டாவது லொறி. இதை ஊரில் முதன்முதல் கண்டுபிடித்தவன் நான்தான்.

அது வந்ததும் ஊரே மாறிப்போயிற்று. மூன்று வருடம் என்னை வரிசையில் நிற்க வைத்த வங்கிக் காவலாளி இப்போது கதவைத் திறந்து பிடிக்கிறான். கூட்டுறவுச் சங்கம் மூன்று லட்சத்தை ஐந்து லட்சமாக்கி, வட்டியிலும் ஒரு வீதம் குறைத்திருக்கிறது. நகைக்காரர் ஒருவர் வீட்டு உறுதிக்கும் கடன் தருவாராம், எடுத்தால் சோறு சமைக்கிற குக்கர் ஒன்று இலவசம். எங்கள் வங்கியும் வாசலில் பெரிய பதாகை கட்டியது: வீட்டுக்கடன் பன்னிரண்டேகால் வீதம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஓடிப்போய் முகாமையாளர் சிவதர்சினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அடம்பன் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, ஆனால் சிரிக்க மாட்டாள்.

"பிள்ளை, வாசல்லை பன்னிரண்டேகால் எண்டு போட்டிருக்கு, எங்கடை புத்தகத்திலை பத்தொன்பது எண்டு கிடக்கு" என்றேன்.

"ஐயா, அது புதுசா வாற ஆக்களுக்கு."

"அப்ப பழைய ஆக்களுக்கு?"

"பழைய ஆக்கள் எங்கை போகப்போகினம், ஐயா?"

பாருங்கோ மாமி, எவ்வளவு துணிவு. புது மருமகனுக்குக் கோழிக்கறி, பழைய மருமகனுக்குப் பழஞ்சோறு என்ற மாதிரி. நான் எழும்பி நின்று, "நான் போறன், நங்கூரத்துக்குப் போறன்" என்றேன். அவள் அசையவில்லை. முன்கூட்டியே கடனைக் கட்டி முடித்தால் மிச்சத்தில் மூன்று வீதம் கட்டணம் வரும் என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: "கடன் ரீச்சரின்ரை பேரிலை இருக்கு ஐயா. ரீச்சர் வந்தால்தான் நான் மேற்கொண்டு கதைக்கலாம்." குடும்பத் தலைவனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு இப்படியொரு பேச்சு. அடுத்த கிழமையும் போய், போறன் என்று எச்சரித்தேன். அதற்கடுத்த கிழமையும் போனேன். அப்போது அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி, "இன்னும் போகேல்லையோ, ஐயா?" என்று கேட்டது.

அன்றைக்கே நங்கூரத்தின் வாசற்படியை மிதித்தேன். அங்கே முகாமையாளர் பாயிஸ், இளவயதுப் பொடியன், மரியாதை தெரிந்தவன். "வாங்கோ அங்கிள், இருங்கோ அங்கிள்" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பி, குளிர்ந்த மாதுளம்பழச் சாறும் தந்தான். எல்லாவற்றையும் கணினியில் தட்டிப் பார்த்தான். மிச்சக் கடன் பதின்மூன்று லட்சம், மிச்சம் ஏழு வருடம், பதினொன்றே முக்கால் வீதத்தில் மாதம் இருபத்திரண்டாயிரத்து எண்ணூறுதான் வரும். மாதம் ஐயாயிரத்துக்கு மேலே மிச்சம் மாமி! பழைய வங்கிக்குக் கட்டணம், உறுதி எழுதும் நொத்தாரிசுக் கூலி, மதிப்பீட்டுக் கூலி, முத்திரை எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் முதலில் போகும், ஆனால் பதினாறு மாதத்தில் அது திரும்பி வந்துவிடும். பதினாறு மாதம் என்பது பென்சன்காரனுக்கு ஒரு மத்தியான நித்திரை. இதையெல்லாம் மாக்கிறட்டிடம் சொன்னேன். அவள் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபடியே, "முதல்லை பாங்கிலை குறைக்கச் சொல்லிக் கேட்டீங்களோ?" என்றாள். மூன்று தரம் போனேன் என்று சொன்னேன். "போனதைக் கேக்கேல்லை" என்றாள். பெண்களுக்கு இந்தப் பெரிய விஷயங்களின் போக்குப் புரிவது கஷ்டம்.

அடுத்தது மதிப்பீடு. வீட்டின் பெறுமதியை அளக்க ஆள் வருவார் என்று பாயிஸ் சொன்னதும் நான் ஒரு திட்டம் போட்டேன். முன்சுவருக்கு, பக்கத்து வளவில் படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ரை வாங்கி முதல்நாள் பின்னேரம் அடித்தேன். உபதேசியார் வீட்டிலிருந்து மெத்தைக் கதிரை மூன்று இரவல் எடுத்தேன். வயிறு நிறைந்த மனுசன் பெறுமதியைக் குறைத்து எழுதமாட்டான் என்று நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் செய்வித்தேன். ஒன்பது மணிக்கு ஒரு தம்பி வந்தார், கட்டுக்கரைக் குளத்துப் பக்கம், நெற்றியில் விபூதி, வெள்ளைச் சேட்டு. மூடியைத் திறந்து நண்டைக் காட்டினேன். "ஐயா, எனக்குக் கந்தசஷ்டி விரதம், இண்டைக்கு மூண்டாம் நாள், தண்ணியும் இளநீருந்தான்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனுசன் மூக்கைப் பொத்திப் பின்னுக்கு நகர்ந்து சுவரில் சாய்ந்தார். படகுப் பெயின்ற் காய மூன்று நாள் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் திரும்பி நடந்தபோது முதுகு முழுக்கப் பச்சை, சுவரில் முதுகளவு வெள்ளை. மண்ணெண்ணெய் கொண்டு துடைத்தேன், அது இன்னும் பரந்தது. ஆனாலும் நல்ல பிள்ளை, பொறுமையாக அறை அறையாக அளந்தார். உங்கள் அறை வாசலில் நின்று, "இது யாற்றை அறை?" என்று கேட்டார். மாமியின் அறை என்றேன். மாமி எங்கே என்றார். நீர்கொழும்பில் என்றேன். எப்ப வருவா என்றார். நான் மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகினேன். அவர் தாளில் "பாவனையில் இல்லாத அறை" என்று எழுதியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அன்று நண்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய இடி. கம்பனியின் நொத்தாரிசு அம்மாவிடம் உறுதியின் பிரதியைக் கொண்டுபோனேன். அவ மூக்குக் கண்ணாடியை இறக்கி, எங்கள் கலியாணத்துக்கு நீங்கள் எழுதித் தந்த சீதன உறுதியை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தா. பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முதற் பக்கம் வரைக்கும் வாசித்தா.

"ஐயா, இதிலை உங்கடை பேர் ஓரிடமும் இல்லையே?"

"நான் வீட்டுக்காரன், அம்மா."

"வீட்டுக்காரி மாக்கிறட் எண்டு இருக்கு. பிலோமினா எண்டவவுக்குச் சீவிய உரித்து இருக்கு. அவ உயிரோடை இருக்கிற வரைக்கும் இந்த வீட்டிலை இருக்கிற உரிமை அவவுக்கு. உங்களுக்கு எண்டு ஒண்டும் எழுதேல்லை."

இருபத்தேழு வருடம் மாமி. இருபத்தேழு வருடமாக நான் கூரை ஏறி ஓடு மாற்றினேன், கிணறு இறைத்தேன், வேலி அடைத்தேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என்ரை வீடு, என்ரை வீடு" என்று சொன்னேன். உறுதியிலே எனக்கு ஒரு கதிரை போடவும் இடமில்லை. 2022இல் வங்கியில் கையொப்பம் வைத்தபோதும் நான் பிணையாளி என்ற இடத்தில்தான் வைத்திருக்கிறேன், கண்ணாடி கொண்டுபோகாததால் கவனிக்கவில்லை. சரி, பரவாயில்லை, சொத்து ஆர் பேரில் இருந்தால் என்ன, மூளை ஆருடையது என்பதுதான் முக்கியம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நொத்தாரிசு அம்மா விடவில்லை. சீவிய உரித்துள்ளவர் நேரில் வர வேண்டும், தன் சுயவிருப்பத்தோடு வைக்கிறேன் என்று தன் வாயாலே சொல்லிக் கையொப்பம் வைக்க வேண்டும் என்றா. பிறகு கேட்டா: "அவ இப்ப அந்த வீட்டிலைதானே இருக்கிறா?"

இல்லை என்றேன்.

"ஏன்?"

தபால் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் எத்தனையோ விசாரணைக்குப் பதில் எழுதினேன். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இருமினேன். தண்ணீர் கேட்டேன். முழங்காலுக்கு நீர்கொழும்புக் காற்று நல்லது என்று சொன்னேன். அவ கண்ணாடிக்கு மேலாலே பார்த்தா.

மாமி, அங்கே சொல்லாத அந்தப் பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். ஓகஸ்ற் மாதம் நீங்கள் மடு மாதா கோயில் திருநாளுக்கு ஒன்பது நாள் போனீர்கள். அந்த மாதம் ஜெயனிக்கு யாழ்ப்பாணத்தில் விடுதிக் காசும் கட்ட வேண்டும், வங்கிக்கு இருபத்தெட்டாயிரமும் கட்ட வேண்டும். றோட்டு வேலைக்கு வந்த பொறியியலாளர் ஒருவர் ஆறு மாதத்துக்கு அறை தேடுகிறார், மாதம் பதினையாயிரம் தருவார் என்று கேள்விப்பட்டேன். மாக்கிறட்டிடம் நீங்கள் சம்மதித்தீர்கள் என்று சொன்னேன். உங்களிடம் கேட்கவே இல்லை. நீங்கள் கையில் பையும் மடு மண் பொட்டலமுமாக வந்து கதவைத் திறந்தபோது, உங்கள் கட்டிலில், மாதா படத்துக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒரு மனுசன் சாரத்தோடு படுத்திருந்து ரெலிபோனில் கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிவந்து சொன்னது என்ன? "ஆறு மாதந்தானே மாமி, ஹோலிலை படுங்கோ." நீங்கள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒரு பேணி தண்ணீர் நின்றபடி குடித்தீர்கள். அதே பையைத் தூக்கிக்கொண்டு அதே பஸ் ஸ்ராண்டுக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், இரண்டு நாளில் முடிந்திருக்கும். மாக்கிறட் எட்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, சாப்பாடு வேண்டுமா என்பதையும் பூனையிடம்தான் கேட்டாள். ஆறு மாதம் என்று வந்த மனுசன் ஆறு கிழமையில் மாற்றலாகிப் போய்விட்டான். அறை வெறுமையாகக் கிடக்கிறது. நான் செய்தது பிழை மாமி. உங்களுடைய வீட்டில் உங்களை ஹோலில் படுக்கச் சொல்ல எனக்கு எந்த உறுதியிலும் உரிமை இல்லை, அது நொத்தாரிசு அம்மா சொல்லித்தான் விளங்க வேண்டும் என்றும் இல்லை. என்னை மன்னியுங்கோ. இதைக் கையொப்பத்துக்காக எழுதவில்லை. கையொப்பத்துக்காகவும்தான் எழுதுகிறேன், மரித்தவர்களின் திருநாளில் பொய் எழுதக்கூடாது.

ஆகவே உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. பாயிஸ் தம்பி எனக்கு விளக்கியது போலவே உங்களுக்கும் விளக்குகிறேன். முதலாவது, வந்து கையொப்பம் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே நீர்கொழும்புக்குத் திரும்பலாம். போக்குவரத்துச் செலவு என்னுடையது, குளிரூட்டிய பஸ் என்றாலும் தருவேன். இரண்டாவது, வந்து கையொப்பம் வைத்துவிட்டு உங்கள் அறையிலேயே இருக்கலாம். இதைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். மூன்றாவது, வராமலே விடலாம். அந்த வழிக்கு மாதம் ஐயாயிரத்து இருநூறு வீதம் ஏழு வருடத்துக்கு உங்கள் மகள் தண்டம் கட்ட வேண்டி வரும், அது என்னுடைய குற்றத்துக்கு அவளுக்குக் கிடைக்கிற தண்டனை, நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல. நங்கூரத்தின் பதினொன்றே முக்கால் வீதம் இம்மாதம் பதினான்காம் திகதி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், பிறகு என்ன வீதமோ அந்தக் கம்பனிக்கே தெரியாது. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், மாமாவின் இறப்புச் சாட்சிப் பத்திரம் மூன்றையும் எடுத்து வாருங்கள். நொத்தாரிசு அம்மா சுயவிருப்பமோ என்று கேட்கும்போது தயவுசெய்து என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், பார்த்தால் சந்தேகப்படுவா.

காரியம் முடிந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு புதுக் கம்பனி ஊருக்கு வந்ததை வைத்து முழுக் குடும்பத்தையும் கரை சேர்த்த திட்டம் இது, நாளைக்கு ஜெயனியின் பிள்ளைகளும் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

தங்கள் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். றெனால்டுக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் மாக்கிறட்டின் அன்பு, ஜெயனியின் முத்தம், என்னுடைய விசாரிப்பு. மடு மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்கு உங்கள் ஆசீரையும் தந்தருள்வாளாக.

கீழ்ப்படிவுள்ள மருமகன்,
அ. பஸ்ரியன்
(தபாலதிபர், ஓய்வு)

பி.கு.: இது திங்கட்கிழமை பின்னேரம். காலையில் தபாலில் சேர்க்கவென்று சைக்கிளில் ஏறியபோது ரயர் காற்றுப் போயிருந்தது, ஒட்டுப்போட்டு வர மத்தியானமாகிவிட்டது. இரண்டு மணிக்கு மாக்கிறட் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து குடையை மடக்கி வைத்துவிட்டு, ஒரு தாளை மேசையில் போட்டாள். வங்கிக் கடிதம். எங்கள் வட்டி இந்த மாதத்திலிருந்து பத்தொன்பது இல்லை, பன்னிரண்டேகால்.

பள்ளிக்கூட இடைவேளையில் தனியாகப் போயிருக்கிறாள். சிவதர்சினிக்கு முன்னால் நங்கூரத்தின் நோட்டீஸை வைத்து, "பிள்ளை, இவை பதினொன்றே முக்காலுக்குத் தருகினம். நீங்கள் குறைப்பீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை சிரித்ததாம் மாமி! "இதைக் கேக்க ரீச்சர் எப்ப வருவா எண்டு இருந்தனான். கேட்டு எழுதித் தாறவைக்குக் குறைக்கச் சொல்லித் தலைமைக் கந்தோர் போன மாதமே சொல்லிப்போட்டுது. ஐயா மூண்டு தரம் வந்தவர், போறன் போறன் எண்டாரே தவிர, குறையுங்கோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை" என்று சொன்னதாம். ஒரு பக்கக் கடிதம், ஒரு கையொப்பம், மாக்கிறட்டுடையது. நொத்தாரிசு இல்லை, மதிப்பீடு இல்லை, எண்பதாயிரம் இல்லை. நங்கூரத்துக்குப் போயிருந்தால் மாதம் முந்நூறு ரூபாய்தான் இன்னும் குறைந்திருக்கும், அந்த எண்பதாயிரத்தை ஏழு வருடத்திலும் மீட்டிருக்க முடியாது என்று கரும்பலகையில் எழுதாத குறையாக எனக்கு விளக்கினாள். பாயிஸ் தம்பிக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை, "பரவாயில்லை அங்கிள், எங்களாலைதானே குறைச்சவை" என்றான். அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆகவே உங்கள் கையொப்பம் தேவையில்லை. மேலே எழுதிய மூன்று வழியும் ரத்து. சாட்சிப் பத்திரங்களைத் தேட வேண்டாம். இனி இந்தக் கடிதத்தை அனுப்பவும் தேவையில்லை என்று மாக்கிறட் சொன்னாள், முத்திரைக் காசாவது மிஞ்சும் என்றாள். கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்குமுன் முதலிலிருந்து ஒருதரம் வாசித்தேன். வங்கியில் நான் கேட்காமல் விட்டதைத்தான் உங்களிடமும் கேட்காமல் விட்டிருக்கிறேன். மூன்று மாதமாக உங்களைப் பற்றி நொத்தாரிசிடம் கதைத்தேன், றெனால்டிடம் கதைத்தேன், இந்தக் கடிதத்திலும் முன்பக்கம் முழுக்க வட்டியைப் பற்றிக் கதைத்தேன், கையொப்பத்துக்கு இல்லாமல் உங்களை வரச்சொல்லி மட்டும் ஒருதரமும் கேட்கவில்லை. இப்போது உங்களிடமிருந்து எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வாங்கோ மாமி. நீங்கள் இல்லாமல் வீடு நல்லா இல்லை. எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று றெனால்டிடம் சொல்லிவிடுங்கோ, நான் ஸ்ராண்டில் நிற்பேன்.